அலாய் வீல் வாங்குமுன் ரிம்மின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: 2019 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வைத்திருக்கிறேன். கம்பெனியில் வந்தது 14 அங்குல ஸ்டீல் ரிம். 16 அங்குல அலாய் போட ஆசை. ‘நாலு ஓட்டை வண்டிதானே சார், எது வேணும்னாலும் உட்காரும்’ என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: உட்காரும், ஆனால் சரியாக உட்காருமா என்பதுதான் விஷயம். ரிம்மைத் திருப்பி அதன் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டிய எண்களில் பெரும்பாலானவை அங்கேயே வார்க்கப்பட்டிருக்கும்.

முதலில் பிசிடி. நட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம் இது. ஸ்விஃப்ட்டுக்கு 4×100, அதாவது நாலு ஓட்டை, 100 மி.மீ. விட்டம். பழைய ஃபியட் புண்டோவுக்கு 4×98. இரண்டையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. புண்டோ ரிம்மை ஸ்விஃப்ட்டில் அடித்து ஏற்றவும் முடியும். ஆனால் நட் ஏறும் ஒவ்வொரு போல்ட்டும் (ஸ்டட்) 1 மி.மீ. சாய்ந்தே இழுபடும். நட் முழுதாக அமராது, ஓட ஓடத் தளரும். ‘நாலு ஓட்டை’ என்ற கணக்கு இந்த இடத்திலேயே பிசகிவிடுகிறது.

இரண்டாவது, நடு ஓட்டை. அது ஹப்பின் மேல், அதாவது சக்கரம் மாட்டும் அச்சின் நடு மேட்டின் மேல், உட்காரும். ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 மி.மீ. வெளிச்சந்தை ரிம்கள் பல வண்டிகளுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக நடு ஓட்டையைப் பெரிதாக, பெரும்பாலும் 73.1 மி.மீ. அளவில், வைத்துத் தயாரிப்பார்கள். இடைவெளியை நிரப்ப 73.1–54.1 அளவுள்ள (வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 54.1 மி.மீ.) ஹப் ரிங் நான்கு வேண்டும். சில நூறு ரூபாய்ப் பொருள்தான். கடையில் ‘அது தேவையில்லை’ என்றால் வேறு கடை பாருங்கள்.

மூன்றாவது ஆஃப்செட். ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே இது. ரிம்மில் ‘ஈடி’ என்ற எழுத்துடன் இருக்கும். வண்டி உரசுவதும் டயர் வெளியே துருத்துவதும் இதனால்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய ரிம் 5 அங்குல அகலம், ஈடி 45 என்றும், புதியது 7 அங்குல அகலம், ஈடி 38 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அகலம் கூடியதில் பாதி, அதாவது 25 மி.மீ., வெளியே வரும். ஈடி குறைந்ததால் இன்னும் 7 மி.மீ. ஆக மொத்தம் 32 மி.மீ. வெளியே. உள்பக்கம் 18 மி.மீ. சஸ்பென்ஷனை நோக்கிப் போகும். காலி வண்டியில் ஒன்றும் தெரியாது. பின் சீட்டில் மூன்று பேர் ஏறி, ஒரு வேகத்தடையில் இறங்கும்போது டயர் ஃபெண்டரில் உரசும் சத்தம் கேட்கும். டயர் வெளியே தள்ளத் தள்ள வீல் பேரிங் மீதான சுமையும் கூடும். 5.5 அல்லது 6 அங்குல அகலம், பழைய ஈடியிலிருந்து 5 மி.மீ.க்குள் வித்தியாசம் என்பது பாதுகாப்பான எல்லை.

நான்காவது, சுமை தாங்கும் அளவு. ரிம்மில் கிலோவிலோ பவுண்டிலோ பொறித்திருக்கும். வண்டியின் அதிகபட்ச ஆக்சில் எடையில் பாதியைவிடக் குறையக் கூடாது. கூடவே ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் கீழ் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கார் அலாய் வீலுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 16192 பகுதி 2. உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால் அது யாருடையது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது கடையில் நின்றபடியே தெரிந்துவிடும். ஜேடபிள்யூஎல் என்பது ஜப்பானியத் தர முத்திரை. அதை மட்டும் காட்டி ஐஎஸ்ஐ இல்லாததைச் சமாளிக்க விடாதீர்கள்.

இனி டயர். உங்கள் வண்டியில் இருப்பது 165/80 ஆர்14 (அகலம் 165 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்), மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. 16 அங்குலத்துக்குப் போனால் 195/55 ஆர்16 கிட்டத்தட்ட அதே 621 வரும். 205/55 ஆர்16 போட்டால் 632. இரண்டு சதவீதம் கூடிவிடும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஃபெண்டரில் இடமும் குறையும். ஆனால் விட்டம் பொருந்தினாலும் 195/55-இல் டயரின் பக்கச் சுவர் 107 மி.மீ.தான். இப்போது உங்களுக்கு 132 இருக்கிறது. இழந்த அந்த 25 மி.மீ. ரப்பர்தான் குழியில் இறங்கும்போது ரிம்மைக் காக்கிறது. மழைக்காலத்தில் நம் ஊர்ச் சாலைகள் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே 15 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் உறுதியான பரிந்துரை. இதே ஸ்விஃப்ட்டின் உயர்ரக மாடல் 185/65 ஆர்15 டயரோடுதான் வந்தது. விட்டம் 621.5, பக்கச் சுவர் 120 மி.மீ. பார்வைக்கும் நிறைவாக இருக்கும். டயர் தாங்கும் சுமையைக் குறிக்கும் எண்ணான லோடு இண்டெக்ஸ், பழைய டயரில் உள்ள எண்ணைவிடக் குறையக் கூடாது.

பில் போடும்போது ‘அலாய் செட் 4’ என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். பிராண்டு, 15×6, 4×100, ஈடி எண், உரிம எண், ஹப் ரிங் அளவு எல்லாம் அதில் வர வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18%. ‘பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்’ என்பார்கள். அந்தக் கழிவுக்கு ஆசைப்பட்டால், பின்னால் தகராறு வரும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

கேள்வி: 2016 ஹோண்டா சிட்டிக்கு வெளியில் அலாய் மாட்டினேன். 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் ஆடுகிறது. அலைன்மென்ட் இரண்டு முறை, பாலன்சிங் மூன்று முறை செய்தாயிற்று. ‘ரிம் செட் ஆக நாளாகும்’ என்கிறார்கள். (மதுரை வாசகி)

பதில்: ரிம் நாளாவட்டத்தில் ‘செட்’ ஆகாது. அலைன்மென்ட்டுக்கும் இந்த ஆட்டத்துக்கும் தொடர்பே இல்லை. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். ஸ்டீயரிங் ஆடுவது முன் சக்கரங்களின் கோளாறு. பின் சக்கரம் என்றால் சீட்டில் அதிர்வு தெரியும்.

உங்கள் வண்டியில் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, ஹப் ரிங் இல்லாதது. சிட்டியின் ஹப் 56.1 மி.மீ. பாலன்சிங் மெஷினில் ரிம்மை ஒரு கூம்பு வைத்து மையப்படுத்துவார்கள். அங்கே சுற்றும்போது எல்லாம் சுழி காட்டும். அதே ரிம் வண்டியில் ஏறும்போது பிடிமானம் நட்டுகள் மட்டுமே, மையம் அரை மி.மீ. விலகினாலும் ஆடும். மூன்று முறை செய்தும் பலன் இல்லாததற்கு இதுவே முதல் காரணமாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, நட்டின் அடிப்பாகம். ஹோண்டா கம்பெனி நட்டின் அடி உருண்டை வடிவம். வெளிச்சந்தை அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு வடிவ இருக்கைதான் (நட் அமரும் குழி). உருண்டையைக் கூம்பில் இறுக்கினால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடும். ரிம்மை மையத்தில் பிடிக்காது, அலுமினியத்தைத் தின்று தளர்ந்தும் போகும். ஒரு நட்டைக் கழற்றி ரிம்மின் ஓட்டையைப் பாருங்கள். இருக்கை முழுவதும் சீராகப் பளபளக்காமல் கோடு போல ஒரு வளையம் மட்டும் மின்னினால் பழைய நட்டையே போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

செய்ய வேண்டியது: 73.1–56.1 ரிங் நான்கு (ரிம்மின் ஓட்டையை வெர்னியரில் அளந்துவிட்டு வாங்குங்கள்), எம்12×1.5 கூம்பு நட் 16. இதில் 1.5 என்பது மி.மீ.யில் புரிகளின் இடைவெளி, மாருதி, நிசான் வண்டிகளில் அது 1.25. கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். மாறிப்போனதை ஏர் கன்னால் ஏற்றினால் ஸ்டட் பாழ். ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். சக்கரம் தரையில் படாமல் ஜாக்கியில் நிற்கும்போதே நட்டுகளைக் கையால் எதிரெதிராகத் திருக வேண்டும். எட்டுச் சுற்றாவது உள்ளே போக வேண்டும். இறக்கியபின், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 108 நியூட்டன் மீட்டர். 100 கி.மீ. ஓடியதும் அதே அளவில் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஆடினால் ரிம்மே வளைவு. சக்கரத்தைத் தூக்கி ஒரு குச்சியை ரிம் விளிம்பருகே அசையாமல் வைத்துச் சுற்றுங்கள். இடைவெளி 1 மி.மீ.க்கு மேல் கூடிக் குறைந்தால் ரிம்மை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

கேள்வி: வாங்கி மூன்று வாரத்தில் ஓர் அலாய் ஸ்போக்கில் கீறல் விட்டுவிட்டது. ‘வெல்டு வைத்துத் தருகிறோம்’ என்கிறது கடை. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருக்கிறது. (கோவை வாசகர்)

பதில்: வெல்டிங் வேண்டவே வேண்டாம். அலாய் ரிம்முக்கு வலிமை தருவது வார்த்தபின் செய்யும் வெப்பப் பதம். வெல்டு வைத்த இடத்தைச் சுற்றி அந்தப் பதம் போய்விடும். உள்விளிம்பில் விழுந்த சிறு வளைவை நல்ல பட்டறையில் எடுக்கலாம். ஸ்போக்கிலோ நட் ஓட்டையைச் சுற்றியோ கீறல் என்றால் அந்த ரிம் சாலைக்கு ஆகாது, இன்றே கழற்றிவிடுங்கள்.

விளிம்பில் அடிபட்ட தடமோ வளைவோ இருந்தால் குழியில் விட்டீர்கள் என்று கடை சொல்லும், அதில் நியாயமும் உண்டு. தடமே இல்லாமல் ஸ்போக் கீறினால் அது பொருளின் குறை. கீறல், உரிம எண், விளிம்பு முழுவதும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் அச்சிட்ட வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றே எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலோ மின்னஞ்சலோ போதும். மறுத்தால் 1915 உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

கேள்வி: அலாய் மாற்றினால் இன்ஷூரன்ஸ், ஆர்டிஓ பிரச்சினை வருமா? (திருச்சி வாசகர்)

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த மாடலுக்குத் தயாரிப்பாளரே கொடுத்த அளவுக்குள் இருங்கள், டயர் ஃபெண்டருக்கு வெளியே தெரியக் கூடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு பில் நகலோடு தெரிவித்து, மின்சாரம் சாராத துணைப்பொருளாகப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் திருட்டுக்கோ விபத்துக்கோ ஸ்டீல் ரிம் விலைதான் கணக்கில் வரும்.

கேள்வி: கழற்றிய ஸ்டீல் ரிம்களை விற்றுவிடலாமா? (ஈரோடு வாசகி)

பதில்: கூடுதலாக உள்ளவற்றை விற்கலாம், ஸ்டெப்னியில் இருப்பதை மட்டும் விடாதீர்கள். புதிய அலாய் நட் ஸ்டீல் ரிம்முக்குப் பொருந்தாமல் போகலாம். அதனால் பழைய நட்டுகளில் ஒரு சக்கரத்துக்கு வேண்டியதை ஒரு துணியில் கட்டி ஸ்டெப்னிக் குழியிலேயே வையுங்கள். அலாய் நட்டுக்குத் தனிச் சாவி கொடுத்திருந்தால் அதுவும் அங்கேயே இருக்கட்டும். பஞ்சர் கடைக்காரரிடம் அந்தச் சாவி இருக்காது.