பார்வையாளர்களுக்கு நடுவிலேயே நடக்கும் இசை நாடகத்தை நின்றுகொண்டு பார்ப்பதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

லண்டனில் இருக்கும் பிரிட்ஜ் தியேட்டரில் 'கைஸ் அண்ட் டால்ஸ்' என்ற பழைய இசை நாடகத்தை, கூட்டத்துக்கு நடுவிலேயே நடிக்கும்படி புதுப்பித்தார்கள். அதைப் பற்றிப் படித்துவிட்டு, அப்படிப் பார்ப்பதில் தனி அனுபவம் உண்டா, அல்லது டிக்கெட் விற்கும் உத்திதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆனால் நடிகருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டால் மட்டும் அது கிடைத்துவிடாது. பார்க்க வந்தவருக்கு அங்கே செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். வேலையில்லாமல் நிற்பவருக்குக் கொஞ்ச நேரத்தில் குதிகால் வலிதான் ஞாபகத்துக்கு வரும்.

அந்த லண்டன் நாடகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தது என் அக்கா மகள், அங்கேதான் வேலை செய்கிறாள். நான் பார்த்து வளர்ந்ததெல்லாம் பாரதக் கூத்து. நகரிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு போனபோது நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். நிலப் பட்டா தெலுங்கில், வாய்ச்சண்டை தமிழில். விசைத்தறி ஓசை நிற்காத ஊர். வருஷத்தில் அது ராத்திரியில் நிற்பது திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து நடக்கும் நாட்களில்தான்.

முதலில் அக்கா மகள் சொன்னதைச் சொல்கிறேன். 1950-இல் நியூயார்க் பிராட்வேயில் முதலில் மேடையேறிய நாடகம் அது. இசையும் பாட்டும் ஃபிராங்க் லெஸ்ஸர். சூதாடிகளுக்கும், அவர்களைத் திருத்த வந்த ஒரு பிரசங்கப் பெண்ணுக்கும் நடக்கிற காதல் கூத்து. நிக்கோலஸ் ஹைட்னர் இயக்கத்தில் 2023-இல் லண்டனில் இதைத் திரும்பப் போட்டபோது, கீழே இருக்கைகளை எடுத்துவிட்டுத் தரையையே நியூயார்க் தெருவாக்கிவிட்டார்கள். சுற்றிலும் உட்கார்ந்து பார்க்கவும் இடம் உண்டு. இவள் வாங்கியது நிற்கும் டிக்கெட். தலைக்கு மேலே நியான் விளக்குப் பலகைகள். நிற்கிற தரையே துண்டு துண்டாக மேடையாக எழும்பும், பாட்டு முடிந்ததும் இறங்கிவிடும், வேறொரு மூலையில் இன்னொன்று எழும்பும். அடுத்து எழும்பப்போகிற இடத்தில் நிற்பவர்களை ஒதுக்குவதற்கென்று ஆட்கள். அவர்களுக்கும் நியூயார்க் போலீஸ் வேஷம்.

"சூப்பரா இருந்துச்சு மாமா, ஆனா பாதி நேரம் கதைய விட்டுட்டு அந்தப் போலீஸ்காரரத்தான் பாத்துட்டிருந்தேன். எந்தப் பக்கம் தள்ளுவாரோன்னு."

அவளுக்கு ரொம்பப் பிடித்தது கடைசி. நாடகம் முடிந்து வணக்கமெல்லாம் சொன்ன பிறகும் இசைக்குழு வாசித்துக்கொண்டே இருக்க, நடிகர்களும் பார்வையாளர்களும் ஒரே தரையில் ஆடியிருக்கிறார்கள். அதுவரை நகர்த்தப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் அங்கே சொந்தமாக ஒரு வேலை கிடைத்தது என்பது என் எண்ணம். அதே தியேட்டரில் 2018-இல் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' போட்டபோது நிற்கும் கூட்டத்தை ரோமாபுரி மக்களாகவே ஆக்கினார்கள். கொலை நடந்த பிறகு பேச்சைக் கேட்டு மனம் மாறப்போகிற அந்தக் கூட்டமே பார்வையாளர்கள்தான். கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டார்கள், பாருங்கள். தெருவில் நிற்கிற கூட்டமாக இருப்பதைவிட அது ஒரு படி மேல்.

எங்கள் ஊர்த் திருவிழா கொரோனாவுக்கு முன்னாலேயே நொண்ட ஆரம்பித்துவிட்டது. காப்புக் கட்டிவிட்டால் முடியும்வரை விரதம், ஊரைவிட்டுப் போகக்கூடாது. ஸ்ரீசிட்டியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்ட் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அத்தனை நாள் லீவு யார் தருவார்? கூத்தாடும் குழுவான ஜமாவுக்குக் கூலி ஏறிவிட்டது. நள்ளிரவுக்கு மேல் மைக் வைக்க அனுமதி வாங்கும் அலைச்சல் வேறு. பேருக்குத் தீமிதி மட்டும் நடந்துகொண்டிருந்தது. போன ஆடியில் கமிட்டியில் இளவட்டங்கள் நுழைந்து, துரியோதனன் விழும் படுகளத்தோடு முழுக் கூத்தையும் வைத்தே தீருவது என்று வசூலில் இறங்கினார்கள். செய்யாறு பக்கத்து ஜமா வந்தது. லண்டன்காரியும் லீவு போட்டு வந்திருந்தாள்.

தெரியாதவர்களுக்கு: மதியம் பாரதம் சொல்கிறவர் வில்லிபுத்தூரார் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார். பக்கத்துத் தெலுங்கு ஊர்களில் அந்த நேரத்துக்கு ஹரிகதை. ராத்திரி பத்து மணிக்கு மேல் களரி கட்டுவார்கள். மிருதங்கம், தாளம், ஆர்மோனியம், காதைக் கிழிக்கிற முகவீணை என்ற ஊதுகுழல். திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் பாட, கோமாளியான கட்டியங்காரன் முன்னால் நின்று கலாட்டா செய்ய, திரை விலகும்போது கிரீடமும் புஜகட்டையும் பளபளக்கும். விடிய விடிய நடக்கும்.

அர்ச்சுனன் தபசு அன்று அவளை இழுத்துக்கொண்டு போனது என் அம்மா. பனைமர உயரத்துக்குத் தபசு மரம் நட்டு, அதில் படிபோலக் கட்டைகள் அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். சிவனிடம் பாசுபதம் கேட்கப் போகிறவர் அல்லவா, அவசரமே கிடையாது. மேலே போய் உட்கார்ந்து விபூதி, வில்வம், பூ, எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் கீழே வீசுவார். குழந்தை வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண்கள் கீழே முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள்.

இவள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்து நின்றிருக்கிறாள். "போன உள்ள வைடி, துப்பட்டாவ விரி" என்று அதட்டியிருக்கிறார் அம்மா. "எனக்கெதுக்கு ஆயா, கல்யாணமே ஆகல." "ஆகாட்டி என்ன, விரி!" விரித்தாள். வந்து விழுந்தது ஒரு எலுமிச்சம்பழம். பக்கத்தில் ஒரு பெண், வயது முப்பதுக்கு மேல் இருக்கும், இவள் முகத்தையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்ல, "நாகிஸ்தாவாம்மா?" என்று தெலுங்கில் கேட்டாள், எனக்குத் தருவியா என்று. கொடுத்துவிட்டு வந்தாள். அன்று ராத்திரி முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. அர்ச்சுனன் என்ன பாடினார் என்று கேட்டால் ஒரு வரி தெரியாது அவளுக்கு. பாட்டு காதில் ஏறவில்லை, ஆனால் தபசுக்குள்ளே போய் வந்துவிட்டாள்.

நான் சொல்லும் வேலை இப்படிப்பட்டதுதான். பகாசுரன் வதத்தன்று பீமன் வண்டியில் தெருத்தெருவாக வருவான், வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் கொண்டுவந்து வண்டியில் போட வேண்டும். போடாத வீட்டுக்காரருக்கு மறுநாள் கட்டியங்காரன் வாயில் அவல்தான். துகில் உரியும் ராத்திரி துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். அந்த நேரத்தில் கூட்டத்தில் இருந்து தட்டும் கற்பூரமும் கொண்டு வருவது பெண்கள்தான். யாருக்காவது அருள் வந்துவிட்டால் கூத்து நிற்கும், வேப்பிலை வரும், அடங்கிய பிறகு துச்சாதனன் விட்ட வரியிலிருந்து பிடித்துக்கொள்வார். இதற்கு ஒத்திகை கிடையாது.

படுகளம் கடைசி நாள், விடிந்த பிறகு. கோயிலுக்கு எதிர் மைதானத்தில் துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். ஒரு வீட்டு நீளம் இருக்கும். வர்ணம் அடித்த முகம், முறுக்கு மீசை, கிரீடம், கையில் கதாயுதம். ராத்திரி முழுக்கக் கண்விழித்த பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். அதன்மேல் ஏறுவார்கள், கூட்டத்துக்குள் பாய்வார்கள், கூட்டம் பிளந்து ஓடும், திரும்பிச் சேரும். யாரும் போலீஸ் வேஷத்தில் வந்து ஒதுக்கவில்லை. பீமன் கையில் கதை சுழலும்போது ஒதுங்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிருஷ்ணன் தொடையைத் தட்டிக் காட்டுவதற்கு முன்பே பொடிசுகள் "தொட! தொட!" என்று கத்தி ரகசியத்தை உடைத்துவிடும். தொடையில் புதைத்திருக்கும் பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிடும். துரோபதை வேஷக்காரர் அத்தனை நாள் விரித்துப் போட்ட கூந்தலில் அதைத் தடவி முடிப்பார். உடனே துரியோதனன் பெண்சாதி ஒப்பாரி. இதில் ஒரு விசித்திரம்: ஒரு நிமிஷத்துக்கு முன் 'அடி' என்று கத்திய அதே பெண்கள் அந்த ஒப்பாரிக்கு அழுகிறார்கள். அப்புறம் ஆளாளுக்கு அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நெல் குதிரில் போட்டால் நிறையும் என்பார்கள். குதிர் இல்லாத வீடுகளில் அரிசி டிரம்மில் போடுகிறார்கள்.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். நின்றபடியே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கவனம் சிதறாமல் பார்க்கச் சொல்வது ஒரு விதமான கொடுமை என்பது என் அபிப்பிராயம். கூத்தில் பாதிப் பேர் பாதி ராத்திரி தூங்குவார்கள். பாய், தலையணை, போர்வையோடுதான் வருவார்கள். சண்டைக் கட்டம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்புவார். நடுவில் யாராவது நூறு ரூபாய் கொடுத்தால், கர்ணனும் அர்ச்சுனனும் நாண் ஏற்றியபடி நிற்க, கட்டியங்காரன் "இன்னார் மகன் இன்னார், கர்ணன் பாட்டுக்கு அன்பளிப்பு" என்று மைக்கில் சொல்லி முடிக்கும்வரை பாரதப் போரே காத்திருக்கும். நாடகம் படித்தவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். எனக்கு இது இல்லாவிட்டால் கர்ணன் செத்த மாதிரியே இருக்காது.

இப்படிச் சொல்வதால் எல்லாமே எங்கள் ஊரில் உசத்தி என்று நினைக்க வேண்டாம். கூத்தில் வேலை எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. முதல் மாலை எந்த வீட்டுக்கு, எந்தத் தெருவுக்குள் வண்டி வரும், யார் எந்தக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பது என்பதையெல்லாம் பிறப்பை வைத்து யாரோ எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள். இந்தத் தடவை கமிட்டிப் பிள்ளைகள் பகாசுரன் வண்டியைக் காலனிக்குள்ளும் கொண்டுபோனார்கள். அதற்கு நடந்த பஞ்சாயத்து கூத்தைவிட நீளம். டிக்கெட் எடுத்தவர் யாராக இருந்தாலும் அந்தத் தரையில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது லண்டனில் சாதாரண விஷயம். எங்களுக்கு அது இன்னும் சாதாரணமாகவில்லை. அக்கா மகள் இதைச் சொன்னபோது கமிட்டியில் பெரியவர்கள் யாரும் பதில் பேசவில்லை.

இன்னொன்று, போன். படுகளத்தைச் சுற்றி முதல் வரிசை முழுக்கத் தூக்கிய கைகள். கத்த வேண்டியவர்கள் கத்தாமல் படம் பிடித்துக்கொண்டு நின்றதால் பீமனே ஒரு கட்டத்தில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, "ஏம்பா, என்னைப் பாருங்கப்பா, நான் இங்க இருக்கேன்" என்று சொல்லும்படி ஆயிற்று. பெரிய சிரிப்பு எழுந்தது. அப்போதும் சிலர் போனை இறக்கவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு: 'கைஸ் அண்ட் டால்ஸ்' 2025 ஜனவரி 4 அன்று முடிந்துவிட்டது, அதற்கு இனி டிக்கெட் கிடைக்காது. அந்த வகை நாடகம் வேறு எங்காவது வந்தால், நிற்பவர்களுக்கு அதில் என்ன பங்கு என்று முன்கூட்டியே விசாரியுங்கள். நகர்ந்துகொள்வது மட்டும்தான் என்றால், உட்கார்ந்து பார்க்கும் டிக்கெட்டே போதும். கூத்துக்கு வருவதாக இருந்தால் தபசும் படுகளமும் தவறவிடக்கூடாதவை. பாய் கொண்டு வாருங்கள், முகவீணைக்காரருக்குப் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள். ஊருக்கு ஊர் நாள் மாறும். நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு பக்கம் ஆடி பிறந்ததும் யாரையாவது கேட்டால் எந்த ஊரில் காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.