முப்பது நாளில் ஒரு நாவல்: துணியலாமா?

கேள்வி: நுங்கம்பாக்கத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்க்கிறேன். பெரம்பூர் பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்த என் தாத்தாவின் குடும்பத்தை வைத்து நாவல் எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. முதல் அத்தியாயத்தையே தாண்ட முடியவில்லை. நவம்பர் மாதத்துக்குள் 50,000 சொற்களில் ஒரு நாவல் எழுதி முடிக்கும் சவாலைத் தோழிகள் சிலர் ஏற்கப் போகிறார்கள், என்னையும் அழைக்கிறார்கள். கற்பனையையெல்லாம் அலுவலகத்தில் செலவழித்துவிட்டு வீடு திரும்புகிற என்னால் இது ஆகுமா? அவசரத்தில் எழுதுவது இலக்கியமாகுமா? முதல் அத்தியாயத்தின் நான்கு வடிவங்களை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, குரோம்பேட்டை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தாராளமாகச் சவாலை ஏற்றுக்கொள்ளுங்கள். தோழிகள் சொல்லும் கணக்கை மட்டும் உங்களுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய நான்கு வடிவங்களையும் நிதானமாகப் படித்தேன். நான்கிலும் விடியற்காலையில் மில் சங்கு ஊதுகிறது. பாட்டி தூக்குச்சட்டியில் சோற்றை வைத்து, ஊறுகாயை இலைத்துண்டில் மடித்து மேலே வைக்கிறார். முதல் வடிவத்தில் அவர் கை ஈரமாக இருக்கிறது, மூடி வழுக்குகிறது, புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்துகிறார். நான்காவது வடிவத்தில் வாக்கியங்கள் மெருகேறிவிட்டன, ஆனால் அந்த ஈரக் கை போய்விட்டது. ஒரு கோட்டை நகர்த்தி, ஒரு நிறத்தைக் குறைத்து, பார்க்கும்தோறும் சீராக்குவது உங்கள் தொழில் கற்றுக்கொடுத்த நல்ல பழக்கம். ஒரு விளம்பரத்தின் முழுப் பரப்பும் ஒரே பார்வையில் கண்முன் விரிந்திருப்பதால் அங்கே அது பயன்படுகிறது. நாவல் அப்படிக் கண்முன் விரிவதில்லை. கடைசி அத்தியாயத்தை எழுதிய பிறகுதான் முதல் அத்தியாயத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதே எழுதுகிறவருக்குப் புலப்படும். திரும்பிப் பார்த்துத் திருத்துவதற்கு நேரமே இராதபடி செய்துவிடும் என்பதற்காகத்தான் இந்த மாதக் கெடுவை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

இந்தச் சவால் 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 21 பேர் சேர்ந்து தொடங்கியது. முதல் ஆண்டு ஜூலையில் நடந்து, அடுத்த ஆண்டு நவம்பருக்கு மாறியது. நாளொன்றுக்குச் சுமார் 1,667 சொற்கள் என்பது அங்கே கணக்கு. அதை நடத்திவந்த அமைப்பு 2025இல் தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்துவிட்டது. ஆகவே விதிகளை நீங்களே வகுத்துக்கொள்வதற்குத் தடையேதும் இல்லை.

50,000 என்பது ஆங்கிலத்தை வைத்துப் போட்ட கணக்கு. வேற்றுமை உருபும் விகுதியும் துணைவினையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும் நம் மொழியில் அதே அளவு கதையைச் சொல்ல அத்தனை சொற்கள் தேவைப்படா. நாளைக்கு 1,000 சொற்கள், மாதத்துக்கு 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் அது நிறைவான ஒரு குறுநாவலின் அளவு. மூன்று நாள் எழுத முடியாமல் போனால் நான்காம் நாளே 4,000 சொற்கள் எழுதித் தீர்க்க முயலாதீர்கள். மீதி இருபது நாள் இருக்குமானால் நாளுக்கு 150 சொற்கள் கூடுதலாக எழுதினால் போதும், கணக்கு சரியாகிவிடும்.

எந்த மாதம் என்பதையும் யோசியுங்கள். விளம்பரத் துறையில் ஆடித் தள்ளுபடியில் பிடிக்கும் நெருக்கடி தீபாவளி வரை விடுவதில்லை. பிறகு பொங்கல் வேலைகள் வந்துவிடும். தீபாவளிக்கு மறுவாரம் தொடங்கி மார்கழி பிறக்கும் வரையிலான இடைவெளி உங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அது மழைக்காலம் என்பதால் வெளி வேலைகளும் குறைவாகவே இருக்கும். எழுதும் நேரத்தை இரவுக்குத் தள்ளாதீர்கள். கற்பனை தீர்ந்த பிறகு வீடு திரும்புவதாகச் சொல்லும் நீங்கள், அது தீர்வதற்கு முன்பே, காலையில் அலுவலகம் போகும் வழியில் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் எழுதலாம். குரோம்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கம் வரை உட்கார இடம் கிடைத்தால் ஏறக்குறைய அரை மணி நேரம் உங்களுடையது. கைப்பேசியின் தமிழ் விசைப்பலகை பழகிவிட்டால் அன்றைய பங்கில் ஒரு பகுதி அங்கேயே முடிந்துவிடும். தூக்கத்தைக் குறைத்து மட்டும் எழுத வேண்டாம்.

தகவல் தேடல்தான் உங்கள் கதைக்கு இருக்கும் பெரிய இடர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, 1921இன் நீண்ட வேலைநிறுத்தம், 1996இல் மில் மூடப்பட்டது என ஒவ்வொன்றும் உங்களை மாதக்கணக்கில் உள்ளே இழுத்துக்கொள்ளும். எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. அங்கே போவதையெல்லாம் சவால் தொடங்கும் முன் முடித்துக்கொள்ளுங்கள். எழுதும் மாதத்தில் ஏதேனும் தெரியாமல் போனால், 'நெசவுப் பிரிவில் ஷிப்டு மாறும் நேரத்தைக் கேட்டு எழுத வேண்டும்' என்று அடைப்புக்குறிக்குள் குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

இலக்கியமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதிப்பாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தக் கெடு நெருக்கியதால், ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1866 அக்டோபரில் 'சூதாடி' நாவலை 26 நாட்களில் சுருக்கெழுத்தாளர் அன்னாவிடம் சொல்லி எழுதவைத்தார். சூதாட்ட மேசையின் முன் அவரே பட்ட பாடு அதற்கு முன் பல ஆண்டுகளாக அவருக்குள் இருந்தது. எழுதி முடிக்கத்தான் 26 நாட்கள் ஆயின. நம்மிடமும் மாத நாவல்களுக்காக மாதந்தோறும் கதையை முடித்துக் கொடுத்த ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது. அதை நான் மிகுந்த மதிப்போடு பார்க்கிறேன். உங்கள் தாத்தாவின் கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள். அதை அவசரக் கதை என்று நான் கருதவில்லை. மாத முடிவில் உங்கள் கையில் இருக்கப்போவது முதல் வரைவு. அதில் தொய்வும் திரும்பக் கூறலும் நிறையவே இருக்கும். அவற்றைச் சீர்செய்யும்போது உங்கள் வடிவமைப்பாளர் கண் முழுமையாக உதவும்.

தோழிகளுக்கு அன்றன்றைய சொற்கணக்கை மட்டும் சொல்லுங்கள். பாதியில் பக்கங்களை அனுப்பினால், அவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஒரு கருத்துகூட உங்களை மறுபடியும் முதல் அத்தியாயத்துக்கே கொண்டுபோய்விடும். வரைவு முடிந்ததும் பொங்கல் வரை அதைத் தொடாமல் வையுங்கள். பிறகு முழுவதையும் தாளில் அச்செடுத்துப் படியுங்கள். அதன்பின், அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் உறவில் யாரேனும் இருந்தால், ஒரு விடுமுறை நாளில் உட்காரவைத்து முதலில் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தூக்குச்சட்டியில் என்ன இருந்தது, சங்கு எத்தனை மணிக்கு ஊதியது என்பதையெல்லாம் அவர்கள் உடனுக்குடன் திருத்திச் சொல்வார்கள்.