ஒற்றைக் கோடு காட்டாமல் விட்டது

கேள்வி: 2021 ஆகஸ்டில் அலுவலகத்தில் ஒருவருக்குக் கொரோனா தொற்று என்று தெரிந்ததும், பெட்டி வாங்கி வீட்டிலேயே ரேபிட் டெஸ்ட் எடுத்தேன். ஒரே கோடு, நெகட்டிவ். அதை நம்பி அன்று மாலையே அம்மா வீட்டுக்குப் போய்த் தங்கினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. ஆர்டி-பிசிஆரில் பாசிட்டிவ். அடுத்த வாரம் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தோம். ஒன்பது நாள் ஆக்சிஜனோடு கிடந்து பிழைத்து வந்தார். அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அண்ணன்தான் ஒவ்வொரு சண்டையிலும், "நீ ஒழுங்கா டெஸ்ட் எடுத்திருந்தா அம்மாவுக்கு இது வந்திருக்காது" என்கிறான். பிறகு தடுப்பூசி போடப் போனபோது எல்லோரும் பார்க்க மயங்கி விழுந்தேன். இரண்டாவது டோஸுக்குப் போகவே இல்லை. இப்போது அம்மாவுக்கு மறுபடியும் ஒரு டோஸ் போடச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். "நீயும் கூட வந்து போட்டுக்கோ" என்கிறார் அம்மா. நினைத்தாலே கை கால் உதறுகிறது. நடந்ததெல்லாம் என் தப்புதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் மேல் தப்பு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரி வரை நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

அம்மாவுக்குத் தொற்று உங்களிடமிருந்து வந்திருக்கலாம். அதை மறுத்து ஆறுதல் சொல்ல நான் வரவில்லை. சொன்னாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் நோய் யார் வழியாக வந்தது என்பது வேறு, தப்பு யாருடையது என்பது வேறு. இந்த இரண்டையும் இத்தனை வருடமாக ஒன்றாகவே முடிந்து வைத்திருக்கிறீர்கள்.

அன்று நீங்கள் பார்த்த ஒற்றைக் கோட்டை மட்டும் இப்போது எடுத்துக்கொள்வோம். அந்தப் பெட்டி தேடுவது வைரஸின் புரதம் ஒன்றை. மூக்கில் அது போதுமான அளவு சேர்ந்திருந்தால்தான் இரண்டாவது கோடு விழும். பிசிஆர் அப்படியல்ல. கிடைத்த துளி மரபணுப் பொருளை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். அதனால்தான் ஒன்று பார்க்காததை இன்னொன்று பார்த்துவிடுகிறது. தொற்றிய முதல் இரண்டு மூன்று நாள் வைரஸ் சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருக்கும். காலையில் கோடு விழாதவருக்கு அடுத்த நாள் அடர்த்தியாக விழும். காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே பிறருக்குப் பரவவும் தொடங்கிவிடும். நீங்கள் அம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியது அநேகமாக அந்த இடைவெளியில்தான்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2022-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், ரேபிட் டெஸ்ட்டுகள் அறிகுறி இருந்த தொற்றாளர்களில் நூற்றுக்குச் சுமார் 73 பேரைப் பிடித்தன. அறிகுறி இல்லாதவர்களில் சுமார் 55 பேரைத்தான். அன்று உங்களுக்கு அறிகுறி இல்லை. குச்சியை எவ்வளவு கவனமாகச் சுழற்றியிருந்தாலும், எத்தனை நொடி எண்ணியிருந்தாலும், ஏறக்குறைய பாதிப்பேர் தப்பிவிடக்கூடிய வலை அது. நீங்கள் ஒழுங்காகத்தான் எடுத்தீர்கள்.

அறிகுறி இல்லாதவர்கள் வீட்டுப் பரிசோதனையில் நெகட்டிவ் வந்தால் 48 மணி நேர இடைவெளி விட்டு மூன்று முறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பரிந்துரைத்தது 2022 ஆகஸ்டில். உங்கள் சம்பவம் நடந்து சரியாக ஒரு வருடம் கழித்து. மறுபடி எடுங்கள் என்று சில பெட்டிகளின் துண்டுச்சீட்டில் முன்பே அச்சடித்திருந்தார்கள், உண்மைதான். ஆனால் பயத்தோடு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பவருக்கு "நெகட்டிவ்" என்ற சொல் "உனக்கு ஒன்றுமில்லை, போய் வா" என்றுதான் கேட்கும். அந்தச் சொல்லை மக்கள் கையில் கொடுத்தவர்கள் அதன் அர்த்தத்தையும் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அண்ணன் பேசுவது பிறகு தெரிந்துகொண்டதை வைத்து. அந்த ஒன்பது நாள் வார்டுக்குள் போக முடியாமல், தொலைபேசி எப்போது அடிக்குமோ என்று அவரும் காத்திருந்திருப்பார். அந்தப் பயத்தை இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது, பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். அதற்காக நீங்கள் சுமந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. சண்டை இல்லாத ஒரு நாளில் உட்காரவைத்து, "அண்ணா, இனி இதை எடுக்காதே. அந்த டெஸ்ட்டால் அன்னிக்கு அதைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது" என்று சொல்லுங்கள். வாதம் வேண்டாம். வேண்டுமானால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.

இனி மயக்கம். தடுப்பூசி முகாம் ஒன்றில், ஊசி போட்டவர்களைப் பதினைந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்துக்கொள்ளும் அறையில் சில மாதம் தன்னார்வலராக இருந்தேன். "போட்டாச்சா? தெரியவே இல்லையே!" என்று சிரித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. உடற்பயிற்சி செய்து கட்டுமஸ்தாக இருந்த இளைஞர் நாற்காலியிலிருந்து சரிந்ததும் உண்டு. மனைவிக்குத் துணையாகக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் மனைவிக்கு முன்னால் விழுந்தார். யாரையும் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அன்று உங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களில் பாதி, "அடுத்து நானோ" என்று பயந்துகொண்டிருந்திருக்கும்.

மற்றப் பயங்களில் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஊசி, ரத்தம் கண்டால் வரும் பயத்தில் மட்டும் சிலருக்கு முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து கண் இருட்டும். இது உடம்பின் அனிச்சைச் செயல், மனவலிமையோடு இதற்குச் சம்பந்தமில்லை. அதனால் "உடம்பைத் தளரவிடு, ஒண்ணுமில்ல" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்குத் தேவை அதற்கு நேர்மாறானது. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1980-களில் உருவாக்கிய பயிற்சி ஒன்று இருக்கிறது. உட்கார்ந்தபடி தொடை, வயிறு, ஊசி போடாத கை ஆகியவற்றை இறுக்கிப் பிடியுங்கள். பத்துப் பதினைந்து நொடியில் முகத்தில் சூடு ஏறுவது தெரியும். அப்போது விட்டுவிட்டு, அரை நிமிடம் சும்மா இருந்து, மறுபடி இறுக்குங்கள். ஐந்து முறை. ஒரு வாரம் தினமும் வீட்டில் பழகுங்கள், அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் தானாக வரும். ஊசி போடும் கையை மட்டும் தொங்கவிட்டு வையுங்கள். தசை இறுகினால் வலி கூடும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். விட்டுப்போன டோஸுக்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. உங்களுக்கு இப்போது எது தேவை என்று அம்மாவின் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் கை வலிக்கலாம், காய்ச்சல், அசதி இருக்கலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். பாராசிட்டமாலை முன்கூட்டியே போட்டுக்கொள்ளாமல், தேவைப்பட்டால் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரோனா தடுப்பூசிச் சோதனைகளில் மருந்தே இல்லாத ஊசி போட்டுக்கொண்டவர்களில்கூட, முதல் டோஸுக்குப் பின் நூற்றுக்கு 35 பேர் தலைவலி, அசதி போன்றவற்றைச் சொன்னதாக 2022-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவர்களுக்கு வலித்தது நிஜம்தான். ஆனால் எதிர்பார்த்துக் காத்திருப்பதே உடம்பை இப்படிப் படுத்தும். ஆகவே முந்தின இரவு மற்றவர்களின் அனுபவங்களைத் தேடித்தேடிப் படிக்காதீர்கள்.

போகும் நாளில் உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக, "முன்பு ஒரு முறை மயங்கி விழுந்திருக்கிறேன், படுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளலாமா?" என்று செவிலியரிடம் கேளுங்கள். அவர்களுக்கு இது பழகிய கேள்வி. படுக்கை காட்டுவார்கள், போட்ட பிறகும் கால் மணி நேரம் எழுந்திருக்க விடமாட்டார்கள். அம்மாவைத் தலைமாட்டில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் போட்டுக்கொள்ளுங்கள், அம்மா பிறகு. அவருக்கு ஊசி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உங்கள் முறைக்காக நிற்க வேண்டாம்.