‘அடித்துவிட்டு நானும் அழுகிறேன்’: ஏ.டி.எச்.டி. பற்றி ஒரு தாய்க்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். அமைதியானவள், யாருக்கும் தொல்லை கொடுக்க மாட்டாள். ஆனால் ஆசிரியை திடீரென்று கேள்வி கேட்டால், எந்தப் பாடம் நடக்கிறது என்பதே அவளுக்குத் தெரிவதில்லை. இந்த ஆண்டில் மட்டும் மூன்று தண்ணீர் பாட்டில்களையும் இரண்டு ஜியோமெட்ரி பாக்ஸ்களையும் தொலைத்துவிட்டாள். ஒரு பக்க வீட்டுப்பாடத்தை முடிக்க மூன்று மணி நேரம் ஆகிறது. பள்ளியில் உள்ள ஆலோசகர், ஏ.டி.எச்.டி. இருக்கலாம், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்கிறார். என் மாமியாரோ, “அவள் அப்பனும் இப்படித்தான் இருந்தான், முதுகில் நான்கு வைத்தால் சரியாகிவிடும்” என்கிறார். மனநல மருத்துவரிடம் போனது வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடைஞ்சல் வரும், மாத்திரைக்கும் அடிமையாகிவிடுவாள் என்று என் கணவர் பயப்படுகிறார். பொறுமை இழந்து நான் அவளை அடித்துவிடுகிறேன். அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்து நானும் அழுகிறேன். செல்போனை இரண்டு மணி நேரம் அசையாமல் பார்க்கிற பெண்ணுக்குக் கவனக் குறைபாடு எப்படி இருக்க முடியும்? இது மனநோயா? நான் வளர்த்த விதத்தில்தான் தவறா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சுமையோடு படித்தால் மற்ற எதுவும் மனதில் தங்காது. நீங்கள் வளர்த்த விதத்தால் இது வரவில்லை. ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கவனக்குறைவு - மிகை இயக்கக் குறைபாடு, மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. உயரத்தைப் போலவே பெருமளவு பரம்பரை வழியாக வருவது. “அவள் அப்பனும் இப்படித்தான் இருந்தான்” என்று உங்கள் மாமியார் சொன்னதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். மருத்துவர் கேட்டு வாங்க வேண்டிய குடும்ப வரலாற்றை அவர் கேளாமலே தந்திருக்கிறார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவை மட்டும்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது செல்போன். இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோரை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. இத்தகைய குழந்தைகளை அழைத்து வருவோரிடம், ஸ்கேன் எதுவும் வேண்டாம், பழைய நோட்டுப் புத்தகங்களைக் கொண்டு வாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். அப்படி வந்த ஒரு கணக்கு நோட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முதல் நான்கு கணக்குகளும் அச்சுப் போல இருந்தன. ஐந்தாவதில் கழித்தல் குறி கூட்டலாக மாறியிருந்தது. ஆறாவதில் 63 என்பது 36 ஆகியிருந்தது. ஏழாவது பாதியில் நின்றிருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு மயில் இருந்தது. தோகையின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக, பென்சிலை மாற்றி மாற்றி அழுத்தி வரையப்பட்டிருந்தது. “மயில் வரைய மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது, டாக்டர்?” என்று அந்தத் தாய் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தக் குழந்தைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்தில் வைத்து, வேண்டிய நேரம் வரை பிடித்து நிறுத்தி, பிறகு அடுத்த வேலைக்குத் திருப்பிவிடும் நிர்வாகத்தில்தான் சிக்கல். பிடித்த வேலையும், நொடிக்கு நொடி புதிதாக ஏதாவது காட்டிக்கொண்டே இருக்கும் திரையும் கவனத்தைத் தாமே இழுத்து வைத்துக்கொள்கின்றன. எட்டாம் வாய்ப்பாடு அப்படி இழுக்காது. அங்கே மூளை தானே முயன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் திறன் முதிர்வதற்கு இவர்களுக்குக் கூடுதல் காலம் ஆகிறது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் வெளியடுக்கான புறணி அதன் உச்சத் தடிமனை அடையும் வயது மற்றக் குழந்தைகளுக்குச் சராசரியாக ஏழரையாகவும், ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளுக்குப் பத்தரையாகவும் இருந்தது. ஆகவே உங்கள் மகள் வேண்டுமென்றே செய்யவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் அவள் படும் பாடு, அரை மணியில் முடித்துவிட்டு எழுந்து போகும் குழந்தை படுவதைவிட அதிகம்.

பெண் குழந்தைகளில் இது பெரும்பாலும் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது என்பது என்னை நெடுநாளாக வருத்தும் விஷயம். பெஞ்சு மேல் ஏறிக் குதிக்கும் பையனைப் பற்றி முதல் மாதமே பள்ளியிலிருந்து புகார் வந்துவிடும். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக அமர்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. துறுதுறுப்பு அதிகம் இல்லாமல் கவனக்குறைவு மட்டுமே மேலோங்கிய வகையும் ஏ.டி.எச்.டி.தான். அது தெரியாமல், ‘மந்தம்’, ‘சோம்பேறி’, ‘கனவு காண்கிறவள்’ என்ற பெயர்களோடு எத்தனையோ பெண்கள் கல்லூரிவரை வந்துவிடுகிறார்கள். மனச்சோர்வுக்காகவோ பதற்றத்துக்காகவோ மருத்துவரிடம் வரும்போதுதான் அடியில் கிடந்தது வெளிப்படுகிறது. உங்கள் மகளின் பள்ளி ஆலோசகர் இதைப் பத்து வயதிலேயே கவனித்திருக்கிறார். அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஆனாலும், உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து அவளுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று நான் சொல்லக் கூடாது. கவனம் சிதறுகிற குழந்தைக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டுவதும் தவறுதான். காது சரியாகக் கேட்கிறதா, கரும்பலகை தெரிகிறதா, இரத்தசோகையோ தைராய்டு குறைபாடோ இருக்கிறதா, மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதை வீங்கி இரவில் குறட்டை விட்டுத் தூக்கம் கெடுகிறதா, சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுபோகும் ஒரு வகை வலிப்பு இருக்கிறதா, எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா இருக்கிறதா, வீட்டிலோ பள்ளியிலோ அவளை ஏதாவது பயமுறுத்துகிறதா என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். இதற்கென்று தனி இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது; அப்படி ஒன்றை யாராவது பெரும் பணத்துக்குச் செய்து தருவதாகச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியாகக் கேட்டு, குழந்தையோடு பேசித்தான் முடிவுக்கு வருகிறோம். வரையறுக்கப்பட்ட ஒன்பது கவனக்குறைவு அறிகுறிகளில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். அவை ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிந்து, 12 வயதுக்கு முன்பே தொடங்கி, அன்றாட வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும்.

இது மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். மனநல மருத்துவர் பார்ப்பதால் அப்படிப் பெயர் விழுந்துவிடுகிறது. ஊர் பயப்படும் பொருளில் இது மனநோய் இல்லை. செல்போன் காலத்தில் முளைத்த புதுச் சரக்கும் இல்லை. லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-ஆம் ஆண்டே இத்தகைய குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் முன் விரிவுரை நிகழ்த்தியிருக்கிறார். இன்று உலக அளவில் ஏறத்தாழ 20 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அப்படியானால் 40 பேர் இருக்கும் உங்கள் மகளின் வகுப்பில் இன்னொரு குழந்தைக்கும் இருக்கலாம். உங்கள் கணவரின் அச்சம் எனக்குப் புரிகிறது. பெண்ணைப் பெற்றவருக்கு நம் ஊரில் அந்தக் கவலை வராமல் இருக்காது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது என்பதை அவரிடம் சொல்லுங்கள். அதோடு, அவரும் இப்படித்தான் இருந்தார் என்றால், வகுப்பில் எழுந்து நின்று அவமானப்பட்டதும் அடி வாங்கியதும் அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும். அதைப் பற்றி ஒருநாள் அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். இந்த வீட்டில் மகளை மிக நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் அவராகவே இருக்கலாம்.

மருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் உடனடியாகத் தேவைப்படுவதில்லை. வீட்டிலும் வகுப்பிலும் செய்யும் மாற்றங்கள் போதாமல், படிப்பும் மனமும் தொடர்ந்து பாதிக்கப்படும்போதுதான் அதைப் பரிசீலிக்கிறோம். முதலாவதாகப் பயன்படும், ஊக்கி வகையைச் சேர்ந்த மெத்தில்பெனிடேட் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது, தலைவலி, நாடித் துடிப்பு சற்று உயர்வது போன்ற பக்கவிளைவுகள் உண்டு. அதனால்தான் காலைச் சாப்பாடு முடிந்தபின் கொடுக்கச் சொல்கிறோம். எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை முறையாகப் பார்த்துவருகிறோம். குடும்பத்தில் இதய நோய் உண்டா என்று முன்கூட்டியே கேட்கிறோம். நம் நாட்டில் இது கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க முடியாது, சீட்டின் ஒரு பிரதியைக் கடைக்காரர் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் கண்காணிப்பில், சொன்ன அளவில் சாப்பிடும் குழந்தை அடிமையாவதில்லை. ஊக்கி வகையைச் சேராத அடோமாக்செட்டின் போன்ற மருந்துகளும் உள்ளன. வல்லாரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லியிருப்பார்கள். கீரையாகத் தாராளமாகச் சமைத்துக் கொடுங்கள், சிகிச்சைக்குப் பதிலாக வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்காமல் இன்றே தொடங்கக்கூடியவையும் உண்டு. வீட்டுப்பாடத்தைப் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, நடுவில் எழுந்து நடக்க விடுங்கள். “பையை எடுத்து வை, டைரியில் கையெழுத்து வாங்கு, சாக்ஸைத் தேடு” என்று மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொன்னால் முதலாவது மட்டுமே அவளிடம் போய்ச் சேரும். அருகில் போய், முகம் பார்த்து, ஒன்றை மட்டும் சொல்லுங்கள். மறுநாள் வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வாசற்கதவின் உள்பக்கம் அவள் கண் மட்டத்தில் ஒட்டிவையுங்கள். முதல் பெஞ்சில் உட்கார வைக்கவும், கேள்வித்தாளை முழுவதும் முடித்தாளா என்று ஒருமுறை பார்க்கவும் ஆசிரியையிடம் கேளுங்கள். இது சலுகை கேட்பது ஆகாது. பள்ளியில் யாராவது அடித்தாலோ வகுப்பின் முன் அவமானப்படுத்தினாலோ, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்களைப் பற்றி. அடி அவளுடைய கவனத்தைக் கூட்டாது. அடுத்த அடி எப்போது விழும் என்ற பதற்றம்தான் அவள் கவனத்தில் மிச்சமிருப்பதையும் தின்றுவிடும். இதை உங்களைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் வீட்டுப்பாடம், சமையல், பள்ளியின் புகார், வீட்டின் குத்தல் பேச்சு என்று எல்லாம் ஒருவர் தலையில் விழும்போது பொறுமை தீர்ந்துபோகத்தான் செய்யும். வாரத்தில் மூன்று நாளாவது வீட்டுப்பாடத்தைக் கணவர் ஏற்கட்டும். மருத்துவரிடம் போகும்போது பெற்றோருக்கான பயிற்சியைக் கேளுங்கள். இது சிகிச்சையின் ஒரு முக்கியமான பகுதி. அழுகையும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் உங்களுக்கும் தனியாக ஆலோசனை தேவை. அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மகள் எப்போதாவது “நான் செத்துப்போகிறேன்” என்பது போலப் பேசினால், விளையாட்டுப் பேச்சு என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். 18 வயது வரை அங்கே பார்க்கிறார்கள், ஏ.டி.எச்.டி.யும் அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் உள்ளது. போகும்போது ஒன்றாம் வகுப்பு முதலான மதிப்பெண் அட்டைகள், நோட்டுகள், வகுப்பாசிரியை கைப்பட எழுதிய ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். முடிந்தால் கணவரும் வரட்டும். அவளிடம் ஊசி போடுகிற டாக்டர் என்றோ, சும்மா வெளியே போகிறோம் என்றோ சொல்ல வேண்டாம். “படிக்க உட்கார்ந்தால் உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அம்மாவுக்கு இவ்வளவு நாள் தெரியவில்லை. அதை எப்படிச் சுலபமாக்குவது என்று கேட்கத்தான் போகிறோம்” என்று சொல்லுங்கள். அடித்ததற்கு வருத்தப்படுகிறீர்கள் என்பதையும் அவள் விழித்திருக்கும்போது சொல்லுங்கள்.