மெல்பர்ன் டிராமில் சக்கர நாற்காலியோடு ஏற முடியுமா?

ஏற முடியும். இறங்க முடியுமா என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

நடக்க இயலாத தந்தையாரைச் சில வாரங்களுக்கு மெல்பர்னுக்கு அழைத்துவரப்போவதாகவும், டிராம்களில் சக்கர நாற்காலிப் படம் இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதே படத்தை நம்பி ஒரு பிற்பகல் முழுவதையும் டிராமுக்குள்ளேயே கழித்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். நான் போக்குவரத்துப் பொறியாளன் அல்லன். தவறு இருந்தால் விவரம் அறிந்தவர்கள் திருத்தலாம்.

என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் பெட்டிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். இங்கு வந்த முதல் வாரத்தில் அவரை 96ஆம் எண் டிராமில் பர்க் தெருவிலிருந்து செயின்ட் கில்டா கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். மேடையும் டிராமின் தளமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்ததால், யாரிடமும் உதவி கேட்காமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே உள்ளே போய்விட்டோம். நகரத்தைத் தாண்டியதும் அந்தத் தடம் ஒரு பழைய ரயில் பாதையின் மேல் செல்கிறது. 1987இல் 1600 மில்லிமீட்டர் அகலப் பாதையை 1435க்கு மாற்றி டிராமுக்குக் கொடுத்தார்கள். இதைச் சொன்னதும் அப்பா வழியெல்லாம் பழைய நிலையக் கட்டடங்களைத் தேடிக்கொண்டே வந்தார். அந்த ஒரு பயணத்தில் எனக்கு வந்த துணிச்சல்தான் அடுத்ததற்குக் காரணம்.

அவரோடு பொன்மலையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், ஹை ஸ்ட்ரீட் பக்கம் மகள் வீட்டில் இருந்தார். 6ஆம் எண் டிராம் வீட்டு வாசலுக்கே போகும் என்றார்கள். தாழ்தள டிராமாக, அதாவது உள்ளே ஏறப் படிக்கட்டு இல்லாத வண்டியாக, வரும்வரை ஸ்வான்ஸ்டன் தெருவில் காத்திருந்து, மேடையிலிருந்து சிரமமின்றி ஏறினோம். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் கதவு திறந்தபோது கீழே மேடை இல்லை, தார்ச்சாலை இருந்தது. தண்டவாளம் சாலை நடுவில் ஓடுவதால், நாங்கள் இறங்க வேண்டிய இடம் கார்கள் போகும் தடம். விதிப்படி கார்கள் எல்லாம் டிராமுக்குப் பின்னால் பொறுமையாக நின்றன. அந்தப் பொறுமைதான் எனக்குப் பெரும் பதற்றத்தைக் கொடுத்தது. ஓர் அடிக்கு மேற்பட்ட இறக்கம், அறுபத்தெட்டு கிலோ எடையுள்ள மனிதர், மடங்காத ஒரு கால். இரண்டு இளைஞர்கள் தூக்கி இறக்குகிறோம் என்று முன்வந்தார்கள். அப்பா கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, "தூக்க வேண்டாம்பா, நான் மூட்டை இல்லை" என்றார். ஓட்டுநர் பெண்மணி எழுந்து வந்து, கடைசி நிறுத்தம் வரை போய்விட்டு இதே வண்டியிலேயே திரும்பி மேடை உள்ள இடத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று கனிவாகச் சொன்னார். நடைபாதையில் காத்திருந்த நண்பர் நிலைமையைப் பார்த்துவிட்டு, தாமே டிராமில் ஏறிக்கொண்டார். இரு கிழவர்களும் கிளென் ஐரிஸ் வரை போய்த் திரும்பும்வரை பழைய ஃபோர்மன்களைப் பற்றிப் பேசி முடித்தார்கள். மகள் கிளறி வைத்த கேசரி வீட்டிலேயே ஆறிப்போனது.

தவறு என்னுடையது, ஓட்டுநரையோ டிராமையோ குறை சொல்லவில்லை. டிராமில் உள்ள படம் அந்த வண்டியைப் பற்றித்தான் பேசுகிறது, சாலையைப் பற்றி அன்று. எலிசபெத் தெருவில் இதற்கு நேர்மாறாக, மேடை அழகாக இருக்கும், ஆனால் அங்கு வந்து நிற்கும் வண்டிகளில் பல படிக்கட்டு வைத்தவை. விக்டோரியா மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தாழ்தள வண்டி சமமட்ட மேடையில் வந்து நின்ற சேவைகள் 2018-19இல் 15 விழுக்காடு மட்டுமே. மாற்றுத்திறனாளிகளும் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும்படி மாற்றச் சொல்லும் ஆஸ்திரேலியாவின் 2002ஆம் ஆண்டு தரவிதிகள் நிறுத்தங்களுக்குக் கொடுத்த கெடு 2022 டிசம்பர் 31. வண்டிகளுக்குக் கொடுத்த கெடு 2032 டிசம்பர் 31. முதல் கெடு முடிந்துவிட்டது, மேடையில்லாத நிறுத்தங்கள் முடியவில்லை. சாலையோரம் கார் நிறுத்தும் இடத்தை எடுத்தால்தான் பல தெருக்களில் மேடை கட்ட முடியும் என்பதும், அதைத் தொட்டால் கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்பதும் இங்கு வசிப்பவர்களுக்குத் தெரியும்.

டொராண்டோவில் வேறு வழியைப் பிடித்தார்கள். அங்கே 2014முதல் ஓடும் தாழ்தள டிராம்களில், நீலப் பொத்தானை அழுத்தினால் இரண்டாம் கதவிலிருந்து சாய்வுப் பலகை வெளியே நீள்கிறது. மேடை இல்லாத இடத்தில் அது தெருவரை இறங்கும். இதை என் அப்பாவிடம் சொன்னபோது, பெட்டியை ஒரு டிபார்ட்மெண்டும் பிளாட்பாரத்தை இன்னொரு டிபார்ட்மெண்டும் பார்த்துக்கொண்டால் நடுவில் இருக்கும் இடைவெளியை யார் பார்ப்பது என்று கேட்டார். பொன்மலையில் இருந்தபோது தாமும் அதைக் கேட்டதில்லை என்று அவரே சேர்த்தும் கொண்டார்.

"நம் ஊரில் இதுகூடக் கிடையாதே" என்று பின்னூட்டம் எழுத வருபவர்களுக்கு: தெரியும், நான் ஒப்பிட வரவில்லை. "டாக்சியில் போயிருக்கலாமே" என்பவர்களுக்கு: போயிருக்கலாம், மறுமுறை போகவும் செய்தோம். ஆனால் இந்தக் கதையைச் சிரிப்பாகக் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதியபோது, "இந்த வயதில் அவருக்கு எதற்கு இந்த அலைச்சல்" என்று கேட்ட உறவினர்களை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அவர்களில் யாரும் அப்பாவைவிட இளையவர் அல்லர். நடக்க முடிகிறது, அவ்வளவுதான்.

தாங்கள் செய்ய வேண்டியது இது. டிராம்டிராக்கர் செயலியில் தாழ்தள வண்டி எப்போது வருகிறது என்று பாருங்கள். தட வரைபடத்தில் ஏறும் நிறுத்தம், இறங்கும் நிறுத்தம் இரண்டிலும் சக்கர நாற்காலிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பயணத்தைத் தொடங்காதீர்கள். ஓட்டுநரின் கண்ணில் படும்படி மேடையின் முன்பக்கத்தில் நின்று, முன்கதவில் ஏறுங்கள். எங்கே இறங்கப்போகிறீர்கள் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலிக்கான இடத்தில் குழந்தை வண்டி நின்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், நகர்ந்துகொள்வார்கள். முதல் பயணத்துக்கு 96ஐயே எடுங்கள். எந்த மாதம் வருகிறார் என்று தாங்கள் எழுதவில்லை. ஜூலை என்றால் இங்கு குளிர்காலம், செயின்ட் கில்டாவில் கடற்காற்று எலும்புவரை இறங்கும். ஊரிலிருந்தே ஒரு மங்கி குல்லாவை எடுத்துவரச் சொல்லுங்கள்.