ஏஞ்சி டெபோ யார்? ஓக்லஹோமா வரலாற்றில் அவருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியர். 1890-இல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1899-இல் குடும்பத்தோடு கூண்டு வண்டியில் ஓக்லஹோமாவின் மார்ஷல் என்ற சிற்றூருக்கு வந்தார். கடைசிவரை அதுதான் அவர் ஊர்.

மதிப்புக்குக் காரணம் அவருடைய துணிச்சல்தான். செரோக்கி, சோக்டா உள்ளிட்ட ஐந்து அமெரிக்கப் பூர்வகுடிகளின் பொது நிலம் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டபின் எப்படிப் பறிபோனது என்று ஆவணங்களைத் தோண்டி எழுதினார். எண்ணெய் கிடைத்த நிலம் ஒரு குழந்தையின் பெயரில் இருக்கும். நீதிமன்றம் காப்பாளரை நியமிக்கும். அப்புறம் அந்தக் காப்பாளரே சொத்தைச் சுருட்டிவிடுவார்! உயிரோடிருந்த பெரும்புள்ளிகளின் பெயர்களையும் டெபோ விடவில்லை. அந்தப் புத்தகத்தை வெளியிடுவதிலிருந்து ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பதிப்பகம் பின்வாங்கியது. 1940-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது. வரலாற்றுத் துறையில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவே இல்லை, இது பெரிய அநியாயம். ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை: அப்பாச்சி பூர்வகுடித் தலைவர் ஜெரோனிமோவைப் பற்றி அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1976-இல் வந்தபோது டெபோவுக்கு வயது 86.