வாசகர் கேள்வி–பதில்: யேமன் மலையில் யாருடைய துப்பாக்கி?

சென்ற இதழில் ஏடன் துறைமுகத்தைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்தது. 1967இல் பிரித்தானியா அங்கிருந்து வெளியேறியதை நான்கே வரியில் சொல்லியிருந்தோம். அது போதவில்லை என்பதை வந்து குவிந்த தபால்களே காட்டின. அவற்றில் சில கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: 1962இல் யேமனில் நடந்தது உள்நாட்டுப் போர் என்றுதான் படித்திருக்கிறோம். அதைப் பிரித்தானியாவுக்கும் எகிப்திய ஜனாதிபதி நாசருக்கும் இடையிலான நிழல் யுத்தம் என்று எழுதியிருந்தீர்கள். எது சரி? (உயர்தர வகுப்பு மாணவி, ஹட்டன்)

இரண்டும் சரி. 1962 செப்டம்பர் 26ஆம் திகதி இரவு சனா நகரில், யேமனின் மன்னரும் மதத் தலைவருமான இமாம் முஹம்மத் அல்பத்ரின் மாளிகையை நோக்கி டாங்கிகள் சுட்டன. தகப்பன் இறந்து அவர் பட்டத்துக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அப்துல்லா அஸ்ஸலால் என்ற இராணுவ அதிகாரி குடியரசை அறிவித்தார். இடிபாட்டில் இமாம் செத்துவிட்டார் என்று வானொலி சொன்னது. இமாமோ தப்பி வடக்கு மலைக்குப் போய்க் கோத்திரங்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். இதுவரை உள்நாட்டு விவகாரம்.

சில நாட்களில் எகிப்தியப் படை குடியரசுக்கு ஆதரவாக வந்து இறங்கியது. சவூதி அரேபியாவும் ஜோர்தானும் இமாம் பக்கம் நின்றன. தெற்கே, 1839 முதல் பிரித்தானியர் கையில் இருந்த ஏடன். கப்பல்கள் எண்ணெய் நிரப்பும் துறைமுகம் அது. 1954 முதல் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் அங்கே இருந்தது. 1956இல் நாசரிடமிருந்து சூயஸ் கால்வாயைத் திரும்பப் பிடிக்கப் போய் மூக்குடைபட்ட லண்டனுக்கு அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருந்த பெரிய தளம் இதுதான். சனாவில் நாசர் காலூன்றினால் அடுத்த அடி ஏடனில்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நேரே மோதவும் வழியில்லை. டிசம்பர் 19ஆம் திகதி அமெரிக்காவே குடியரசை அங்கீகரித்துவிட்டது. இன்னொரு சூயஸைத் தாங்க லண்டனிடம் காசும் இல்லை, துணையும் இல்லை. எனவே ஆள் ஒருவருடையது, காசு இன்னொருவருடையது, கண் மட்டும் லண்டனுடையது என்ற ஏற்பாடு வந்தது.

கேள்வி: ஆயுதம் கொடுத்தார்கள், காசு கொடுத்தார்கள் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகாமல், அது எப்படி மலைக்குப் போய்ச் சேர்ந்தது என்று விவரமாக எழுதுவீர்களா? (ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை அதிகாரி, தலவாக்கலை)

இந்த யுத்தத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மலைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வடக்கே சவூதியின் நஜ்ரானிலிருந்து. மற்றது தென்கிழக்கே பெய்ஹானிலிருந்து. பெய்ஹான் பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்த சிற்றரசு. அதன் ஆட்சியாளரான ஷெரீப், இமாமின் ஆட்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். ஏடன் வரை வந்த சரக்கு பெய்ஹானுக்கு ஏறும். எகிப்திய விமானம் பறக்காத நேரம் பார்த்து எல்லை தாண்டும். அதன்பின் ஒட்டகம், மலை செங்குத்தானால் கழுதை.

கூலி எதில்? காகிதப் பணத்தை மலையில் யாரும் தொடமாட்டார்கள். தங்கப் பவுண், இல்லாவிட்டால் மரியா தெரேசா வெள்ளி நாணயம். ஒஸ்திரியப் பேரரசியின் தலை பொறித்த அந்த நாணயத்தை எந்த ஆண்டு அடித்தாலும் 1780 என்றே பொறிப்பார்கள். அது கள்ளக் காசா என்று பார்க்க, பேரரசியின் அணியில் உள்ள முத்துக்களை விரலால் தடவி எண்ணுவது அரபு வியாபாரிகளின் வழக்கம். ஒன்றின் எடை 28 கிராம். ஆயிரம் நாணயம் என்றால் 28 கிலோ. ஒட்டகத்துக்கு 150 கிலோ சுமை என்று வைத்தால் ஐயாயிரத்துச் சொச்சம்தான் போகும். சம்பளக் காசை ஏற்றுகிற ஒட்டகம் ரவைப் பெட்டியை ஏற்றமுடியாது. இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர் அங்கே யுத்தம் நடத்தியிருக்க முடியாது.

ஆட்கள் விஷயத்தில் லண்டன் கெட்டிக்காரத்தனமாக நடந்தது. ஜிம் ஜோன்சன், டேவிட் ஸ்டெர்லிங் போன்ற முன்னாள் விசேட படை அதிகாரிகள் கூலிப்படை ஒன்றைச் சேர்த்தார்கள். சம்பளம் பெரும்பாலும் சவூதிப் பணம். பிரெஞ்சுக்காரரும் சிலர் இருந்தார்கள். மொத்தத்தில் சில டஜன் பேர்தான். அவர்களுடைய வேலை முன்னால் நின்று சுடுவதல்ல. ஒரு குகையில் இருந்த இளவரசனுக்கு அடுத்த பள்ளத்தாக்கில் இருந்த மைத்துனன் என்ன செய்கிறான் என்று தெரியாது. அவர்களுக்கிடையில் வானொலித் தொடர்பு ஏற்படுத்துவது, கண்ணிவெடி புதைக்கப் பழக்குவது, காயத்துக்குக் கட்டுப்போடுவது, இவ்வளவுதான்.

1964 முதல் 1966 வரை இஸ்ரேலிய விமானங்களும் 14 தடவை இரவில் ஆயுதம் போட்டுவிட்டுப் போயின. துப்பாக்கிகளின் தொடரிலக்கங்கள் சுரண்டப்பட்டிருந்தன, பரசூட்டுகள் இத்தாலியில் செய்தவை என்று அதில் ஈடுபட்டவர்கள் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். இமாமின் கோத்திரத்தாருக்கு விமானம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப்பேர் துப்பாக்கியைக் கீழே போட்டிருப்பார்கள்.

கோளாறு எங்கே? முதலாவது, ரவை. .303 துப்பாக்கிக்கு 7.7 மில்லிமீற்றர், மௌசருக்கு 7.92. பெட்டி மாறிப் போனால் கையில் இருப்பது வெறும் தடி. இரண்டாவது, விசுவாசம். பகலில் குடியரசு, இரவில் இமாம் என்று இருபக்கமும் கைநீட்டிய கோத்திரங்கள் நிறைய. அதைத் துரோகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. மழையில்லாத ஆண்டில் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய தலைவனுக்கு அது வரவுசெலவுத் திட்டம்.

கேள்வி: பிரித்தானியாவே நேரடியாகக் குண்டு போட்டதில்லையா? (வாசகர், வெலிமடை)

போட்டது. யேமன் பக்கத்து விமானங்கள் பெய்ஹானுக்குள் வந்து தாக்கியதற்குப் பதிலடியாக, 1964 மார்ச் 28ஆம் திகதி யேமனுக்குள் இருந்த ஹாரிப் கோட்டையைப் பிரித்தானிய ஹண்டர் விமானங்கள் ரொக்கெட்டால் அடித்தன. கொஞ்ச நேரம் முந்தித் துண்டுப்பிரசுரம் போட்டு எச்சரித்தார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபை 188ஆம் தீர்மானத்தில் அதற்கு வருத்தம் தெரிவித்தது. ஒன்பது வாக்குகள் ஆதரவு. பிரித்தானியாவும் அமெரிக்காவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. நிழலில் நிற்கிறவன் ஒருநாள் வெயிலுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஒரு காலை லண்டனுக்குக் காட்டியது.

கேள்வி: ஏடனுக்கு வடக்கே ரத்ஃபான் மலைவாசிகள் ஏன் நாசர் பக்கம் சாய்ந்தார்கள்? அரபுத் தேசியம் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்ததா? (ஆசிரியை, பண்டாரவளை)

வானொலி போய்ச் சேர்ந்தது. கெய்ரோவின் ‘அரபுகளின் குரல்’ 1953இல் தொடங்கியது. மின்சாரம் வேண்டாத டிரான்சிஸ்டர் பெட்டிகள் பெருகியதும் எழுதப்படிக்கத் தெரியாத ஊருக்கும் நாசரின் பேச்சு எட்டியது. ஆனால் வானொலி மட்டும் ஒருவனைத் துப்பாக்கி எடுக்க வைக்காது. வயிற்றில் அடி விழுந்திருக்கவேண்டும்.

அந்த அடி தெருவில் விழுந்தது. ஏடனிலிருந்து தாலா ஊருக்குப் போகும் பாதை ரத்ஃபான் அடிவாரத்தால் போகிறது. அதில் போகும் ஒட்டகத் தொடர்களிடம் குதைபி கோத்திரத்தார் தலைமுறை தலைமுறையாக வழிவரி வாங்கினார்கள். சிற்றரசுகளைச் சேர்த்துப் பிரித்தானியர் அமைத்த தென் அரேபியக் கூட்டாட்சி சுங்கத்தை ஒன்றாக்கியபோது அந்த வரியை நிறுத்திவிட்டது. நட்டஈடாக ஏதும் வரவில்லை. இளைஞர்கள் வடக்கே குடியரசுக்காகச் சண்டையிடப் போனார்கள்; திரும்பும்போது துப்பாக்கியோடு வந்தார்கள். 1963 அக்டோபர் 14ஆம் திகதி நடந்த மோதலில் அவர்களுடைய தலைவர் ராஜிஹ் லபூஸா கொல்லப்பட்டார். தெற்கு யேமன் புரட்சி தினம் என்று இன்றும் கொண்டாடுவது அந்த நாளைத்தான்.

அதன்பின் தைஸ் நகரிலிருந்து எகிப்தியர் சரக்கு அனுப்ப, தாலா பாதை கண்ணிவெடிப் பாதை ஆனது. தார் போடாத தெரு என்பதால் சக்கரத்தடத்தில் தோண்டி, மூடி, அதன்மேல் பழைய தடத்தைத் திரும்ப வரைந்துவிடலாம். பிரித்தானிய லொறிகள் தரையில் மணல்மூட்டை அடுக்கின. முன்னால் போன வண்டியின் தடத்திலேயே சாரதிகள் சக்கரத்தை வைத்தார்கள். மணல்மூட்டை ஏற்றினால் பாரம் கூடும். மேட்டில் வண்டி மெதுவாகும். மெதுவாகப் போகிற வண்டி மேலே பாறைக்குப் பின்னால் இருப்பவனுக்கு இலகுவான இலக்கு. ரம்பொடை வளைவுகளில் பாரம் ஏற்றிய லொறி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

கேள்வி: கண்டியில் ஒராபி பாஷா வீடு என்று ஒன்று இருக்கிறதே. அவருக்கும் இதற்கும் தொடர்புண்டா? (வாசகர், கம்பளை)

கால இடைவெளி எண்பது வருடம். ஆனால் தொடர்பு உண்டு. ‘எகிப்து எகிப்தியருக்கே’ என்று எழுந்த அஹ்மத் ஒராபியை 1882 செப்டம்பரில் தெல்எல்கபீரில் பிரித்தானியப் படை தோற்கடித்தது. 1883 முதல் 1901 வரை இலங்கையில் நாடுகடத்தி வைத்திருந்தார்கள். பின்வருடங்கள் கண்டியில் கழிந்தன. நாசர் முன்னின்ற 1952 புரட்சிக்குப் பின் எகிப்து அவரைத் தேசிய வீரராகக் கொண்டாடியது.

கேள்வி: நாசருக்கு எழுபதாயிரம் படை இருந்ததாம். அப்படியும் ஏன் வெல்லமுடியவில்லை? (வாசகர், நுவரெலியா)

எழுபதாயிரம் என்பது உச்சக்கட்டக் கணக்கு. அந்தப் படை சனா, தைஸ், ஹுதைதா என்ற முக்கோணத்தையும் அதை இணைத்த தெருக்களையும் பிடித்துக்கொண்டது. தெருவுக்கு இருபுறமும் இமாம். பாலைவனத்தில் டாங்கிச் சண்டைக்குப் பழகிய படை அது. மலைப்பாதையில் முதல் டாங்கியையும் கடைசி டாங்கியையும் நிறுத்திவிட்டால் நடுவில் நிற்பவை பொம்மைகள். விமானம் அடித்தால் எதிரி குகைக்குள் போய்விடுவான். ஒவ்வொரு காவலரணுக்கும் தண்ணீரும் மாவும் எண்ணெயும் போகவேண்டும். போகிற தொடருக்குக் காவல் வேண்டும். காவலுக்கு இன்னும் ஆள். படை கூடக்கூட சண்டையிடும் படை கூடவில்லை, சாப்பிடும் படைதான் கூடியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட எகிப்தியர் அங்கே இறந்தார்கள்.

1967 ஜனவரியில் கிதாஃப் கிராமத்தில் நச்சுவாயுக் குண்டு விழுந்து இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தது அந்த ஆற்றாமையின் கடைசி எல்லை. அதற்கு எந்தச் சமாதானமும் சொல்லமுடியாது. அந்த ஜூனில் இஸ்ரேலிடம் தோற்றபோது எகிப்தின் நல்ல படைப்பிரிவுகள் பல யேமனில் கிடந்தன. ஆகஸ்ட் இறுதியில் சூடானின் கார்ட்டூமில் நாசரும் சவூதி மன்னர் ஃபைஸலும் உடன்பட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் எகிப்தியர் போய்விட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் பிரித்தானியா வென்றிருக்க வேண்டுமே? (வாசகர், மஸ்கெலியா)

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் அவர்களும் ஏடனை விட்டுப் போனார்கள். காரணம் ஒரு திகதி. 1966 பெப்ரவரியில் வெளியான பாதுகாப்பு வெள்ளை அறிக்கை, 1968க்குள் வெளியேறுவோம், பாதுகாப்பு ஒப்பந்தமும் இருக்காது என்று சொன்னது. அன்றைக்கே கூட்டாட்சி ஷேக்குகளின் கதை முடிந்தது.

மலையகத்தில் பெரிய கங்காணி முறையை அறிந்தவர்கள் இதை எளிதில் பிடித்துக்கொள்வார்கள். துரை நேரே ஆளோடு பேசமாட்டார். கங்காணிக்குத் தலைக்காசு, ஆட்கள் கங்காணியின் கடனில். ஆளின் கடனைத் துண்டில் எழுதி அவனைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்ததும் அந்தப் பிடி தளரத் தொடங்கியது. ஷேக்கும் அப்படித்தான். பிரித்தானியர் கொடுத்த படிக்காசையும் துப்பாக்கியையும் பங்கிட்டே தலைவனாக இருந்தார். இன்னும் இரண்டு வருடத்தில் பங்கிட ஒன்றும் இருக்காது என்று தெரிந்த பிறகு யார் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள்? பொலிஸுக்குத் தகவல் கொடுத்தவர்கள் வாயை மூடினார்கள். 1967 ஜூன் 20ஆம் திகதி உள்ளூர்ப் பொலிஸும் படையும் கலகம் செய்து, ஏடன் நகரின் கிரேட்டர் பகுதி இரு வாரம் கைவிட்டுப்போனது.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதை. நாசர் ஆதரித்தது 1966இல் அமைந்த ஃபுளோசி என்ற முன்னணியை. அதில் சேர்க்கப்பட்ட தேசிய விடுதலை முன்னணி அதே ஆண்டு வெளியே வந்து, கெய்ரோவின் காசில்லாமலே சண்டையிட்டு, ஃபுளோசியையும் அடித்துவிட்டு நாட்டைப் பிடித்தது. இரண்டு எசமானர்களும் தோற்ற யுத்தம் இது.

கேள்வி: சூயஸ் மூடியபோது நம் தேயிலைக்கு என்ன ஆனது? (தோட்ட அலுவலர், ஹப்புத்தளை)

கொழும்பிலிருந்து லண்டனுக்குக் கால்வாய் வழியாக 6,700 கடல்மைல் அளவில். ஆபிரிக்காவைச் சுற்றினால் 10,000ஐத் தாண்டும். மணிக்கு 15 கடல்மைல் ஓடும் கப்பல் ஒரு நாளில் 360 போகும். ஆக ஒன்பது பத்து நாள் தாமதம், அத்தனை நாள் எண்ணெய்ச் செலவு. பூமத்திய ரேகையை இரண்டு தரம் கடக்கும் பயணம் என்பதால் சூடும் குளிரும் மாறி மாறி வரும். பெட்டியின் ஈயத்தாள் கிழிந்திருந்தால் இலை ஈரம் குடித்துவிடும். 1956இல் மூடியது அடுத்த ஏப்ரலில் திறந்தது. 1967 ஜூன் யுத்தத்தில் மூடியதோ 1975 ஜூன் 5 வரை எட்டு வருடம்.

கேள்வி: ஓமானின் தோஃபாரில் மட்டும் பிரித்தானியா வென்றது எப்படி? (வாசகர், பொகவந்தலாவ)

1965இல் அரபுத் தேசியவாதிகள் தொடங்கிய கிளர்ச்சி அது; 1968இல் மார்க்சியத்துக்குத் திரும்பியது. 1970 ஜூலையில் பழைய சுல்தானை மகன் காபூஸ் கவிழ்த்த பிறகே மாற்றம் வந்தது. இம்முறை பிரித்தானியா வெளியேறும் திகதி எதுவும் சொல்லவில்லை. சரணடைந்த போராளிகளையே ‘ஃபிர்கத்’ என்ற படைகளாக்கினார்கள். முதலாவது படையில் பல கோத்திரத்தாரைக் கலந்தார்கள். தலைவர் இறந்ததும் அது உட்சண்டையில் உடைந்தது. பிறகு ஒரு கோத்திரத்துக்கு ஒரு படை. 1971 அக்டோபரில் நோன்பு வந்ததும், மார்க்க அனுமதி இருந்தும், பலர் சண்டையை நிறுத்திவிட்டார்கள். அதையும் சகித்துக்கொண்டார்கள். ஒரு இடத்தைப் பிடித்தால் முதலில் கிணறு, அடுத்துக் கடை, மருந்தகம், பள்ளிக்கூடம். தண்ணீருக்கு வருகிற ஆள் செய்தியோடும் வருவான்.

உங்கள் ஊரை நனைக்கும் அதே தென்மேல் பருவக்காற்றுதான் ஜூன் முதல் செப்டம்பர் வரை தோஃபார் மலையையும் மூடுபனியில் அமிழ்த்துகிறது. அந்த மாதங்களில் விமானம் பயன்படாது. படை மலையை விட்டு இறங்கும். போராளிகள் திரும்பி வருவார்கள். இதை நிறுத்த 1974இல் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு 53 கிலோமீற்றர் முட்கம்பியும் கண்ணிவெடியும் போட்டார்கள். ஹோர்ன்பீம் கோடு என்று பெயர். தெற்கு யேமனிலிருந்து வருகிற ஆள் கம்பியை வெட்டி, கந்தலைப் போர்த்தி, எப்படியாவது தாண்டிவிடுவான். ஒட்டகம் தாண்டாது. ரொக்கெட்டும் ரவைப் பெட்டியும் ஒட்டகத்தின் மேல்தான் வந்தன.